பக்கம் 20க்குப் போகவும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

2024 இல் தரம் 8 பிள்ளைகளுக்காக நான் செய்த தெரிவுக் கதைப் புத்தகத்தை ஆசிரியர்கள் சிலர் இன்பொக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "சேர், எங்கட பிள்ளைகளுக்கும் தாங்க. எப்படி எழுதுறதெண்டும் சொல்லித்தாங்க" என்கிறார்கள். தருவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் முதல் பிரதியில் நான் செய்த ஒரு பெரிய பிழையைச் சொல்லாமல் தருவது சரியில்லை. அந்தப் பிழையை எனக்குக் காட்டித்தந்தவர் என் ராத்தா. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. என்ட பேர மட்டும் போடாத" என்றார்.

தெரிவுக் கதை என்றால் என்னவென்று விளங்காதவர்களுக்கு: சாதாரணக் கதையில் எழுதியவர் கூட்டிப்போகிற வழியில் நாம் போவோம். இதில் கதையின் ஆள் நீங்கள்தான். "நீ சந்திக்கு வந்துவிட்டாய். கடற்கரைப் பக்கம் போவதென்றால் பக்கம் 6க்குப் போ. பள்ளிவாசல் பக்கம் போவதென்றால் பக்கம் 9க்குப் போ" என்று எழுதியிருக்கும். நீங்கள் எடுத்த பக்கத்தின்படி கதை மாறும், முடிவும் மாறும். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் வாசித்து இரண்டு கதை சொல்வார்கள்.

இந்த வகைப் புத்தகத்தை நான் முதலில் கண்டது கொழும்பில், மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடை ஒன்றில். மட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம். 1979 இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்' வரிசையில் ஒன்று. அந்த வரிசை உலகம் முழுக்க 25 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகப் பிறகு வாசித்தேன். இதற்கு வழி போட்டவர் எட்வர்ட் பக்கார்ட் என்ற ஒரு சட்டத்தரணி. இரவில் மகள்மாருக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல், "நீங்களென்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு மகள்மாரும் இரண்டு விதமாகச் சொன்னார்களாம். அதிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. 1969 இல் முதல் கதையை எழுதினார். அது அச்சில் வர 1976 ஆனது.

கதையை நிறுத்திக் கேள்வி கேட்பது நமக்கும் புதிதல்ல. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் அதைத்தான் செய்கிறது. நம் முன்னோரின் 'ஆயிரம் மசலா' 1572 இல் வந்தது, அது முழுக்கக் கேள்வியும் பதிலும்தான். ஆனால் இங்கெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறவர் மனதுக்குள் என்ன பதில் சொன்னாலும் கதை மாறாது. தெரிவுக் கதையில் மாறும். வகுப்பில் வாசிக்கவே விரும்பாத பிள்ளைகூட இதை விடாமல் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

2024 டிசம்பர் 26 உடன் சுனாமி வந்து 20 வருடம். நம் நாட்டில் அந்த நாளைத் தேசிய பாதுகாப்பு தினமாக அனுஷ்டிக்கிறோம். அதை முன்னிட்டு அனர்த்த முன்னாயத்தம் பற்றிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யச் சொல்லி அதிபர் ஒக்டோபரிலேயே சொல்லிவிட்டார். வழமையாக என்ன செய்வோம்? ஒரு கட்டுரைப் போட்டி, ஒரு சித்திரப் போட்டி, காலைக் கூட்டத்தில் ஒரு பேச்சு. எங்கள் தரம் 8 பிள்ளைகள் எல்லோரும் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது புத்தகத்தில் வரும் ஒரு பாடம். ஆகவே அவர்களையே அந்தக் காலையில் நிறுத்தி, "நீ என்ன செய்வாய்?" என்று கேட்கிற மாதிரி ஒரு தெரிவுக் கதை எழுதலாம் என்று நினைத்தேன்.

எழுதத் தொடங்கினால்தான் இதன் கஷ்டம் விளங்கும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி வைத்தால் முதல் தெரிவில் 2 பக்கம், அடுத்ததில் 4, பிறகு 8, 16, 32. ஐந்து தெரிவுக்கே மொத்தம் 63 பக்கம் வேண்டும். பத்துத் தெரிவென்றால் முடிவுகள் மட்டும் 1024. ஆகவே பிரிந்த வழிகளை இடையிடையே ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒருவன் ஒழுங்கை வழியாகவும் மற்றவன் பெரிய வீதி வழியாகவும் போனாலும் இருவரும் ஒரே சந்திக்கு வந்து சேர்கிற மாதிரி.

நான் 24 துண்டு மட்டை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை எழுதி, வீட்டு விறாந்தையில் பரப்பி, சோக்கால் அம்புக்குறி போட்டேன். இரண்டு விசயத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று, எல்லாப் பக்கத்துக்கும் எங்கிருந்தாவது ஒரு வழி வர வேண்டும். என் பக்கம் 17க்கு எங்கிருந்தும் வழி இருக்கவில்லை, நல்ல பக்கமொன்று அநாதையாகக் கிடந்தது. மற்றது, முடிவில்லாத பக்கம் எதுவும் வழி காட்டாமல் நிற்கக் கூடாது. மூன்று இரவு அந்த மட்டைகளோடு இருந்தேன். பிறகு டைப் பண்ணி, ஏ4 தாளை நடுவில் மடித்து, ஒரு புத்தகத்துக்கு 6 தாள், 38 பிள்ளைகளுக்கும் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன்.

ஏழு முடிவுகள். மூன்று நல்ல முடிவு, நான்கு "பிழையான முடிவு". அப்படித்தான் பக்கத்தின் மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

வகுப்பில் நல்ல வரவேற்பு. இடைவேளைக்கு மணி அடித்தும் பிள்ளைகள் எழும்பவில்லை. எல்லோரும் ஒரு விரலைப் பழைய பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புதிய பக்கத்தைத் திருப்பினார்கள், பிழைத்தால் திரும்பி வருவதற்கு. "சேர், நான் நாலு தரம் மௌத்தாகிட்டன்" என்று ஒருவன் சிரித்துக்கொண்டு சொன்னான். நானும் சிரித்தேன். அதிபர் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ராத்தா வீட்டுக்குப் போனேன். ராத்தாவின் கடைசி மகள் என் வகுப்பில்தான் படிக்கிறாள். பாடசாலையில் நான் சேர், வீட்டில் மாமா. நான் போகும்போது அவள் விறாந்தையில் இருந்து அந்தப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ராத்தா பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மருமகள் வாசித்துவிட்டு "உம்மா, எது?" என்று கேட்பாள். ராத்தா கையை நிறுத்தாமலே முதலாவது, இரண்டாவது என்று சொல்வார். என் புத்தகத்தை ராத்தா கேட்கிறார் என்ற சந்தோசத்தில் நானும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

பக்கம் 14க்கு வந்தார்கள். அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இது: கடல் தண்ணீர் உன் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது. மூத்தம்மா உள்ளே இருக்கிறார். அப்படியே மேற்கே ஓடுவதென்றால் பக்கம் 18க்குப் போகவும். மூத்தம்மாவைக் கூட்டிவர உள்ளே திரும்புவதென்றால் பக்கம் 20க்குப் போகவும்.

ராத்தா கை நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "ரெண்டாவது" என்றார்.

மருமகள் பக்கம் 20ஐத் திருப்பினாள். மேலே "பிழையான முடிவு". கீழே மூன்று வரி. அந்த மூன்று வரியை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

"உம்மா, பிழைச்சிட்டு. திரும்பிப் போவமா? நான் விரல் வெச்சித்தான் இருக்கன்" என்றாள் மருமகள்.

"வேணா மகள். போதும், மூடி வை" என்றார் ராத்தா.

ஊரில் என்னைத் தெரிந்தவர்களுக்கு மீதி தெரியும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004 இல் ராத்தாவின் வீடு கடற்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கையில் இருந்தது. அவருக்கு அப்போது நான்கு வயதில் ஒரு மகன். முதல் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோது மகனை மதிலில் ஏற்றி வைத்துவிட்டு, நடக்க முடியாத மாமியைத் தூக்கிவர உள்ளே போனார். அடுத்தது வந்தது. மாமியும் இல்லை, மகனும் இல்லை. ராத்தாவை ஒரு தென்னையிலிருந்து இறக்கினார்கள். மகனின் ஜனாஸா மூன்றாம் நாள்தான் கிடைத்தது.

நான் அன்று சம்மாந்துறையில் எங்கள் சாச்சி வீட்டில் இருந்தேன். உயர்தரம் படிக்கிற வயது. அலையை என் கண்ணால் காணவே இல்லை. 20 வருடம் அந்த வீட்டுக்குப் போய்வந்து, அந்த ராத்தாவின் கையால் சாப்பிட்டு வந்த நான், ஒரு மட்டைத் துண்டில் அவருடைய காலையை எழுதி, அதற்கு மேலே "பிழையான முடிவு" என்று தலைப்பும் போட்டிருக்கிறேன். எழுதும்போது ஒரு தரமாவது அவர் என் நினைவுக்கு வரவில்லை. நம்புவீர்களோ தெரியாது, அதுதான் உண்மை. அம்புக்குறி சரியாக வருகிறதா என்பதிலேயே என் கவனம் இருந்தது.

மருமகள் உள்ளே போனதும் "ராத்தா, நான் யோசிக்கல்ல" என்றேன். அவர் என்னை ஏசவில்லை. கீரைச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இதுல ரெண்டு வழி போட்டிருக்காய் தம்பி. அண்டைக்கு எனக்கு ஒண்டுதான் தெரிஞ்சிச்சு."

இந்த ஒரு வசனத்தோடு நான் பல நாள் இருந்தேன். தெரிவுக் கதை எழுத நினைக்கும் ஆசிரியர்கள் இதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும்.

எழுதுகிறவனுக்கு எல்லாப் பக்கமும் தெரியும். பக்கம் 18இல் என்ன இருக்கிறது, 20இல் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் அவன் 14ஐ எழுதுகிறான். வாசிக்கிறவருக்கு 14 மட்டும்தான் தெரியும். 14இல் இருக்கிற ஒருவரால் அறிய முடியாத ஒன்றை வைத்து, அவரை 20இல் பிழைகாரராக ஆக்கினால் அது தெரிவல்ல, பொறி. வீட்டுக்குள் மாமி இருக்கும்போது உள்ளே போன ஒரு மருமகள் என்ன பிழை செய்தார்? அடுத்த அலை வரும், அது முதலாவதைவிடப் பெரிதாக இருக்கும் என்று அன்று நம் கரையில் யாருக்குத் தெரியும்? சுனாமி என்ற சொல்லே நம்மில் அநேகம் பேருக்கு அன்று பின்னேரம்தான் தெரியவந்தது.

இன்னொரு விசயத்தையும் யோசித்துப் பாருங்கள். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது அன்று காலை எங்கள் நேரப்படி 7 மணிக்குச் சற்று முன்பு. நம் கிழக்குக் கரைக்கு அலை வர ஒன்றரை மணித்தியால அளவு எடுத்தது. ஒன்றரை மணித்தியாலம்! நடந்தே போகலாம். மூத்தவர்களைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். பசுபிக் சமுத்திரத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் 1949 இலிருந்து இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. ஆக, உண்மையான தெரிவு இருந்த அந்த ஒன்றரை மணித்தியாலம் நம் மக்களின் கைக்கு வரவே இல்லை. கடைசி ஒரு நிமிடம்தான் கைக்கு வந்தது. அந்த ஒரு நிமிடத்தை எடுத்து நான் கதையாக்கி, அதற்குப் புள்ளியும் போட்டுவிட்டேன்.

நான் பிழையாக எழுதிய இன்னொன்றும் இருக்கிறது. "கடல் உள்வாங்கினால் ஓடு" என்பதையே பெரிய அடையாளமாக வைத்திருந்தேன். படங்களில் பார்த்தது. ராத்தாவிடம் பிறகு கேட்டபோது "கடல் உள்ளுக்குப் போனத்த நான் காணல்ல. ஏறித்தான் வந்திச்சு" என்றார். தேடிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்த நிலநடுக்கத்தில் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது, மேற்கே இருந்த நம் பக்கம் முதலில் ஏறிவந்தது. என் புத்தகத்தை நம்பிய பிள்ளை கடல் உள்வாங்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கும்.

ஒரு ஹதீஸ் உங்களில் பலருக்குத் தெரியும். ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அதன் கருத்தைத்தான் சொல்கிறேன். உனக்குப் பயன் தருவதில் ஆர்வமாக இரு, அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாமல் இருந்துவிடாதே என்பது முதற்பகுதி. ஏதும் நடந்துவிட்டால், "இப்படிச் செய்திருந்தால்" என்று சொல்லிக்கொண்டிருக்காதே, அந்த "இருந்தால்" ஷைத்தானின் வேலைக்கு வாசல் திறக்கும் என்பது அடுத்த பகுதி. இதை எத்தனையோ குத்பாவில் கேட்டிருக்கிறேன். ராத்தா வீட்டிலிருந்து வந்த பிறகுதான் இதன் வரிசை எனக்கு உறைத்தது. நடப்பதற்கு முன்னால் தெரிவு செய்யச் சொல்கிறது, நடந்த பின்னால் "இருந்தால்" வேண்டாம் என்கிறது. என் புத்தகம் வரிசையை மாற்றிவிட்டிருந்தது. முன்னாயத்தம் பற்றி ஒரு பக்கமும் இல்லை, "இருந்தால்" நாலு பக்கம்.

38 புத்தகத்தையும் திருப்பி வாங்கினேன். பிள்ளைகளிடம் "சேர் பிழையாக எழுதிவிட்டேன், எல்லோருமாகச் சேர்ந்து திரும்ப எழுதுவோம்" என்றேன். ராத்தாவின் கதையை வகுப்பில் சொல்லவில்லை. "மூத்தவர்களைக் கூட்டப்போவது ஒருநாளும் பிழையாகாது, அது தெரியாமல் எழுதிவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் தரம் எழுதும்போது ஒவ்வொரு மட்டையின் பின்புறத்திலும் ஒரு கேள்வியை எழுதினோம்: "இந்த இடத்தில் நிற்கும் பிள்ளைக்கு என்ன தெரியும்?" தெரிவுக்குத் தேவையான விசயம் அதற்கு முந்திய ஏதாவது ஒரு பக்கத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தெரிவை எடுத்துவிட வேண்டும்.

கதையை அலையிலிருந்து தொடங்காமல், மூன்று மாதம் முன்னாலிருந்து தொடங்கினோம். ஒரு சாதாரண இரவு, வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். "எங்கே போய்ச் சேர்வது என்று வாப்பாவிடம் கேட்பதா, பிறகு பார்ப்போம் என்று விடுவதா?" அங்கேதான் முதல் தெரிவு. பார்க்க ஒன்றுமே இல்லாத தெரிவு மாதிரி இருக்கும். ஆனால் பின்னால் எல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது.

பிள்ளைகள் கேட்ட கேள்விகளை நான் கனவிலும் நினைத்திருக்கவில்லை. ஒரு மகள் கேட்டாள்: "எங்கட மூத்தம்மாக்கு நடக்க ஏலா. விட்டுட்டு ஓடுறதா, இருக்கிறதா எண்டு கேட்டா ரெண்டும் எனக்கு ஏலா சேர்." அவள் சொன்னது சரி. அந்த நிமிடத்தில் நல்ல மூன்றாவது வழி கிடையாது. மூன்றாவது வழியை மூன்று மாதம் முன்னால் போட வேண்டும். பக்கத்து வீட்டில் ஓட்டோ வைத்திருப்பவரோடு முதலே பேசி வைக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் யார் என்றும் பேசி வைக்க வேண்டும். அது இப்போது பக்கம் 5.

இன்னொருவன் "வாப்பா கடலுக்குப் போயிருந்தா?" என்றான். மீன்பிடிக் குடும்பம். கரைக்கு ஓடிவரச் சொல்லி வாப்பாவுக்குக் கோல் எடுப்பதுதான் அவனுக்குச் சரியாகப் பட்டது. ஆழ்கடலில் சுனாமி அலை உயரமாக எழும்பாது, கரையை அண்டித்தான் உயரும். எச்சரிக்கை வந்தால் ஆழத்தில் நிற்கும் படகு அங்கேயே நிற்பதுதான் பாதுகாப்பு. இது அவனுடைய வாப்பாவுக்கும் தெரியுமோ என்று கேட்டுவரச் சொன்னேன். அது பக்கம் 8.

முடிவுகளையும் மாற்றினோம். "சரியான முடிவு", "பிழையான முடிவு" என்ற தலைப்புகளை எடுத்துவிட்டோம்.

ஒரு முடிவில் நீங்கள் எல்லாம் சரியாகச் செய்கிறீர்கள், குடும்பம் தப்புகிறது, வீடு போய்விடுகிறது. இன்னொன்றில் எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவர் வந்து சேரவில்லை. அந்தப் பக்கத்தில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. "இன்னா லில்லாஹி" என்று முடிகிறது.

இன்னொரு முடிவில் நீங்கள் ஓடுகிறீர்கள், அலை வரவே இல்லை. இது நடந்த கதைதான். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. எச்சரிக்கை வந்து நம் கரையிலும் சனம் மேற்கே ஓடியது. நிலத்தட்டுகள் மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். திரும்பி வந்தபோது சிலர் சிரித்தார்கள், "சும்மா ஓடினம்" என்றார்கள். புத்தகத்தில் இந்த முடிவுக்குப் பிறகு ஒரு தெரிவு வைத்தோம்: "அடுத்த தரம் எச்சரிக்கை வந்தால் ஓடுவாயா?" என் பார்வையில் முழுப் புத்தகத்திலும் இதுதான் மிக முக்கியமான தெரிவு. சும்மா ஓடினதாக நினைக்கிறவன் அடுத்த தரம் ஓடமாட்டான்.

எச்சரிக்கை கிடைத்தும், என்ன செய்வதென்று தெரிந்தும், வேடிக்கை பார்க்கக் கடற்கரைக்குப் போகிற பிள்ளைக்கும், முதல் அலை வடிந்ததும் சாமான் எடுக்கத் திரும்புகிற பிள்ளைக்கும் ஆபத்தான பக்கம் இன்னும் இருக்கிறது. சுனாமி ஒரு அலையல்ல, பல அலை, இடையில் நீண்ட நேரம்கூட எடுக்கலாம் என்பதை முன்பக்கத்தில் சொல்லியிருக்கிறோம். தெரிந்துகொண்டு செய்தால் அதற்கு விளைவு உண்டு. எங்கள் விஞ்ஞான ஆசிரியர் "பயமில்லாட்டிப் பிள்ளைகள் படிக்காது சேர்" என்று வாதாடினார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே பயத்தை எடுக்கவில்லை. தெரியாமல் செய்தவரைப் பிழைகாரராக்குவதை மட்டும்தான் எடுத்தோம்.

எழுதி முடித்ததும் முதல் பிரதியை ராத்தாவிடம் கொண்டுபோனேன். வாசிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து மருமகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு கொப்பித் தாளில் பென்சிலால் எழுதியிருந்தார்: "தண்ணி வாறத்துக்கு முன்ன பேச வேண்டியதெல்லாம் முதல் பக்கத்துலயே போடு. கடைசில பேச நேரமில்ல."

அதனால்தான் இப்போது புத்தகத்தின் முதல் பக்கத்தில் கதை இல்லை. நான்கு வெற்றுக் கோடுகள்தான் இருக்கின்றன. நாங்கள் போய்ச் சேரும் இடம் எது? போகும் வழி எது, அது அடைபட்டால் மற்ற வழி எது? நடக்க முடியாதவர்களை யார் கூட்டிவருவது? சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடிப்பது யார்? அதற்குக் கீழே எழுதியிருக்கிறோம்: "வீட்டில் எல்லோரும் இருந்து இதை நிரப்பிய பிறகு பக்கம் 2க்குப் போகவும்."

38 பிள்ளைகளில் 31 பேர் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். மற்ற ஏழு பேரின் வீட்டுக்கும் நானும் வகுப்பாசிரியரும் போனோம். அதில் இரண்டு வீட்டில் 2004 இல் ஆள் இழந்தவர்கள் இருந்தார்கள். நிரப்பக் கை வரவில்லை என்றார்கள். அந்த இரண்டு வீட்டிலும் நாங்கள் தேநீர் குடித்துவிட்டு, புத்தகத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் எழும்பி வந்தோம். ஒரு வீட்டிலிருந்து அடுத்த கிழமை நிரப்பி வந்தது.

எழுத விரும்பும் ஆசிரியர்களுக்கு: துண்டு மட்டையும் சோக்கும் போதும். கணினி இருந்தால் 'ட்வைன்' என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அம்புக்குறியை அதுவே போட்டுக்கொள்ளும். தமிழிலேயே எழுதலாம். செய்து முடித்த கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினால் போனில் திறந்து வாசிக்கலாம். சுனாமிதான் என்றில்லை, வெள்ளம், வீதி விபத்து, போதைப்பொருள், படிப்பை நிறுத்துவது, எதைப் பற்றியும் எழுதலாம். ஆனால் எழுதும் விசயத்தில் ஏற்கனவே அடிபட்ட ஒருவர் அந்த வகுப்பிலோ, அந்தப் பிள்ளையின் வீட்டிலோ இருப்பார். நீங்கள் "பிழையான முடிவு" என்று போடும் பக்கத்தில் அவர் ஏற்கனவே நின்றிருப்பார். கொடுப்பதற்கு முன்னால் அப்படி ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

புத்தகம் வேண்டியவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், அனுப்புகிறேன். காசு ஒன்றும் வேண்டாம். நம் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு உதவி: மாரியில் தண்ணீர் நின்று அடைபடும் ஒழுங்கைகள் எவையென்று கொமண்டில் சொல்லுங்கள். அடுத்த பதிப்பின் வரைபடத்தில் பிள்ளைகள் அவற்றைக் குறிக்கப் போகிறார்கள்.

அன்று நம்மை விட்டுப் போனவர்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக, ஷஹீத்களின் கூட்டத்தில் சேர்ப்பானாக. மிஞ்சி இருப்பவர்களின் மனதில் இருக்கும் அந்த "இருந்தால்" என்ற சொல்லை அவனே எடுத்துவிடுவானாக. ஆமீன்.